சொல்லாமல் கிளம்புவது

எங்கிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். "போறேன்" கூடாது. சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த விதி. மற்றவர்கள் பார்த்தே பழகிக்கொள்வதை நான் இப்படி ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துதான் வளர்ந்தேன். அதற்கு ஆட்டிசம் என்று பெயர் தெரிந்தது முப்பது வயதுக்கு மேல்தான்.

போன வருடம் நண்பனின் அப்பா இறந்துபோனார். கூட்டம், அழுகை, பறைச் சத்தம். எனக்கு இதெல்லாம் தாங்காது. ஆனாலும் இரண்டு மணி நேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் அவன் அம்மாவிடம், "போயிட்டு வரேம்மா" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்பணுமாம். "படிச்ச பையன், இதுகூடத் தெரியாதா?" என்றார் ஒரு பெரியவர்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டனும் ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான் என்கிறது. எங்களுக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்றால், மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவதில்லை. ஆனால் குறை எங்கள் கணக்கில் மட்டும் எழுதப்படுகிறது. அன்று நான் ஒரு விதியைத் தவறவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து நண்பன் போன் செய்தான்.

"அம்மா கேக்குறாங்கடா. வரேன்னு சொன்னானே, எப்ப வருவான்னு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.