பாஸ்புக்கில் ஒரு வரி

ஜூன் 4, 2025

பக்ரீத்துக்கு மூன்று நாள். மேச்சேரிச் செம்மறிக் கிடாய்க்கு இந்த வாரம் வைத்ததுதான் விலை. எதிர்வீட்டுப் பெண் கிடாய்களை விற்ற கையோடு, ஆடு வாங்க எடுத்த ஐந்து வருஷக் கடனை இரண்டே வருஷத்தில் அடைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். முகத்தில் கடன் அடைத்த களை இல்லை.

"ஒன்றரை லட்சம்னு எழுதினாங்க, கைக்கு வந்தது ஒரு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்ங்கண்ணா. மிச்சம் இன்சூரன்ஸுங்கறாங்க. அதான் பாதியிலயே அடைச்சிட்டனே, பாக்கியக் குடுங்கன்னா, பேப்பரக் கொண்டாங்கறாங்க."

பேப்பர் இல்லை. பேனா மை தீருகிற அளவுக்குக் கையெழுத்து வாங்கினார்களாம். திருப்பிக் கொடுத்தது டியூ அட்டை ஒன்றுதான். அதுவும் கூரை மாற்றியபோது எங்கேயோ போய்விட்டது.

ஜூன் 5

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் பேரேட்டு வாசனை போகாது. அவளுடைய பாஸ்புக்கைப் புரட்டினேன். கடன் வரவு: 1,39,380. ஒன்றரை லட்சத்தில் 10,620 குறைகிறது. இரண்டு சதவீதம் பரிசீலனைக் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று போட்டால் 3,540 சரியாக உட்காருகிறது. மீதி 7,080. ஆறாயிரம் பிரீமியம், அதன் தலையில் ஒரு ஜி.எஸ்.டி. கடனிலேயே கழித்துக்கொண்டதால் அந்த ஏழாயிரத்துக்கும் இரண்டு வருஷமாக வட்டி கட்டியிருக்கிறாள்.

அதே பாஸ்புக்கில் இன்னொரு வரி, மே கடைசியில் வருஷா வருஷம் 436 ரூபாய். பிரதமரின் ஜீவன் ஜோதி. அவள் எப்படி இறந்தாலும் வாரிசுக்கு இரண்டு லட்சம். ஐந்து வருஷத்துக்கு 2,180 ரூபாய்தான் ஆகும். ஒன்றரை லட்சத்தில் தொடங்கி, டியூ கட்டக் கட்டக் கரைந்துபோகும் காப்பீட்டுக்கு 7,080. ஏற்கனவே ஒன்று இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. கேட்டால் விற்க முடியாதே.

ஜூன் 9

ஏன் பாலிசி அவள் கைக்கு வரவில்லை என்பது இப்போது பிடிபடுகிறது. கடனோடு வரும் காப்பீடு பெரும்பாலும் குழுக் காப்பீடு. மூலப் பாலிசி கடன் கொடுத்தவர் பெயரில் இருக்கும். கடன் வாங்கியவர் அதில் ஓர் உறுப்பினர் மட்டும். அவருக்கு உரியது காப்பீட்டுச் சான்றிதழ் என்ற ஓரிரு பக்கத் தாள். அதை அவர் கையில் சேர்ப்பிக்க வேண்டியது விற்றவர்கள் வேலை. தன்னிடம் இல்லாத தாளை அவள் தொலைத்திருக்கவும் முடியாது.

வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கும் சலுகைக் காலம் முன்பு 15 நாள், 2024 ஏப்ரலிலிருந்து 30 நாள். எண்ணத் தொடங்குவது பணம் பிடித்த நாளிலிருந்து இல்லை, ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து. வரவே இல்லை என்றால்? வந்தது என்று காட்ட வேண்டியது அவர்கள். கிளையில் "பேப்பர் இருக்கா" என்று கேட்ட தம்பிக்குப் பதில் கேள்வியாக இதையே எழுதினேன்: நீங்கள் அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கிறதா?

கடிதத்தில் கேட்டவை: கடன் கணக்கு அறிக்கை, கையெழுத்திட்ட விண்ணப்ப நகல், காப்பீட்டுச் சான்றிதழ், அது அனுப்பப்பட்ட விவரம். கடன் முடிந்தது, கோப்பு இல்லை என்று கையை விரிக்க வழியில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்து ஐந்து வருஷமாவது வைத்திருக்க வேண்டும். பணப் பரிமாற்றப் பதிவுக்கும் பரிமாற்றம் நடந்ததிலிருந்து ஐந்து வருஷம். ஒரு நகல் கடன் கொடுத்தவருக்கு, ஒரு நகல் காப்பீட்டு நிறுவனத்துக்கு. இரண்டும் பதிவுத் தபால்.

ஜூன் 15

இங்கிலாந்தில் இதே கூத்து நடந்து முடிந்திருக்கிறது. 64 மில்லியன் பாலிசி வரை கடனோடும் கிரெடிட் கார்டோடும் தலையில் கட்டியிருக்கிறார்கள். 2011-க்குப் பிறகு வங்கிகள் திருப்பிக் கொடுத்தது 38 பில்லியன் பவுண்டுக்கு மேல். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. தேதியை நினைவூட்ட அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரின் பொம்மைத் தலையை வைத்து நிதிக் கண்காணிப்பு அமைப்பே விளம்பரம் எடுத்தது. நம்மூரில் செய்தால் ரஜினி தலை வேண்டியிருக்கும்.

பழைய தாள் இல்லாதவர்களும் அங்கே கேட்க முடிந்தது என்பதுதான் எனக்கு வேண்டியது. பெயர், பிறந்த தேதி, அப்போது குடியிருந்த முகவரி கொடுத்தால், பாலிசி இருந்ததா என்று வங்கி தன் பதிவேட்டில் தேடிப் பார்த்துச் சொன்னது.

பிளெவின் என்ற அம்மையாரின் வழக்கைப் படித்தேன். கணவரை இழந்த கல்லூரி ஆசிரியை. 2006-இல் 34,000 பவுண்டு கடன். கூடவே 5,780 பவுண்டு காப்பீடு. அந்தப் பிரீமியத்தில் 71.8 சதவீதம் தரகு! அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே நியாயமற்ற உறவு என்று 2014 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்வீட்டு ஆறாயிரத்தில் தரகு எவ்வளவோ.

ஜூன் 24

அவளுக்கு ஒரு போன். "காப்பீட்டு ஆணையத்திலிருந்து பேசுறோம், உங்க பணம் ரெடி, பிராசஸிங்குக்கு இரண்டாயிரம் அனுப்புங்க." நல்லவேளை, என்னைக் கேட்காமல் அனுப்பவில்லை. ஆணையம் யாரையும் அழைத்துப் பணம் கேட்பதில்லை. உண்மையான வழி நாம் அழைப்பது: 155255, அல்லது பீமா பரோசா தளம். காசு கிடையாது. வாங்கித் தருகிறேன், பங்கு கொடு என்கிற கூட்டம் இங்கிலாந்திலும் பெருகி, 2018-இல் அவர்கள் கூலிக்கு 20 சதவீதம் என்று சட்டமே உச்சவரம்பு போட்டது.

ஜூலை 8

தபால் வந்தது. தேடினால் கிடைக்கிறது, பாருங்கள். விண்ணப்ப நகலும் சான்றிதழும். அனுப்பியதற்கான அத்தாட்சி மட்டும் இல்லை.

அந்த விண்ணப்பத்தைப் படித்தால் வயிறு எரிகிறது. சர்க்கரை உண்டா? இல்லை. மருந்து எடுக்கிறீர்களா? இல்லை. எல்லாக் கட்டத்திலும் ஒரே சாய்வில் டிக், கம்ப்யூட்டரில் அச்சானது. இந்தப் பெண்ணுக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள், தெருவுக்கே தெரியும். காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி முதல் மூன்று வருஷத்துக்குள் பொய்த் தகவல் என்று காட்டிப் பாலிசியைக் கேள்வி கேட்கலாம். அதற்குள் இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதே டிக்கைக் காட்டிப் பணத்தை மறுத்திருக்கலாம். விற்றது காப்பீடா, அதன் உறையா?

பிரீமியத்தைத் திரும்பக் கேட்பதற்கு இந்த ஒரு பக்கம் போதும். இனி இது "பாதியில் அடைத்தேன், பாக்கி கொடு" என்ற கோரிக்கை இல்லை. கேட்காமல், சொல்லாமல், பொய்யாக நிரப்பி விற்றது; முழுத்தொகை வேண்டும். சர்க்கரைச் சீட்டின் ஜெராக்ஸோடு இரண்டாவது கடிதம் போனது.

ஜூலை 21

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன். மரியாதையாகவே பேசினார்கள். மீதமுள்ள மூன்று வருஷத்துக்கு உண்டான தொகையைக் கணக்குப் போட்டுத் தருகிறார்களாம். முடிந்துபோன இரண்டு வருஷத்துக்குப் பாதுகாப்பு கொடுத்தாகிவிட்டதாம். வாங்கிக்கொள் என்றுதான் நான் சொன்னேன். கையில் வருகிற காசு, அலைச்சல் மிச்சம்.

அவள் போனை என்னிடமிருந்து வாங்கினாள். "நான் செத்திருந்தா குடுத்திருப்பீங்களாங்க? அந்த டிக்க வெச்சுக்கிட்டு?" அந்தப் பக்கம் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 12

எழுத்தில் வந்துவிட்டது: பகுதித் தொகைதான். அப்படியானால் அடுத்தது சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையிலான வழக்கைக் கேட்பார். கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது. விசாரணையை வீடியோவிலும் நடத்த இடம் உண்டு, ஆட்டை விட்டுவிட்டு அவள் சென்னை போக வேண்டியதில்லை. விற்ற நிறுவனத்தின் மேல் தனியாக ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கும் ஒரு புகார் வைக்கலாம்.

இணைப்புகளை அடுக்கினோம்: 1,39,380 வரவான பாஸ்புக் பக்கம், டிக் போட்ட விண்ணப்பம், சர்க்கரைச் சீட்டு, தபால் ரசீதுகள், அவர்கள் பதில். எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது எது என்று கேட்டாள். விண்ணப்பத்தை என்றேன். இல்லை, சர்க்கரைச் சீட்டுத்தான் மேலே இருக்க வேண்டும் என்று எடுத்து வைத்தாள். வைத்தது வைத்தபடியே தைத்துவிட்டேன்.