ஒண்ணேகால் மணி நேரம்

மைசூருக்கு மாற்றல் வந்தபோது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "சென்னைக்கு வான்வழியா 390 கிலோமீட்டர்தான்ப்பா. ஃப்ளைட்ல ஒண்ணேகால் மணி நேரம். எப்ப வேணும்னாலும் வந்துடுவேன்."

வங்கிக்காரன் கணக்கு. காகிதத்தில் டேலி ஆகிவிடும்.

மண்டகள்ளி விமான நிலைய ஓடுபாதை 1,740 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம்தான் இறங்கும். அதுவும் நினைத்த நேரத்துக்குக் கிடையாது. 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் ஆறரை மணி நேரத்தில் சென்னை சேர்த்துவிடும். ஆனால் கிளம்புவது மத்தியானம்.

போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போன் செய்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி. பெங்களூர் போய் ஃப்ளைட் பிடிக்கலாமென்றால் தேவனஹள்ளி போய்ச் சேரவே நாலு மணி நேரம். கடைசியில் காவேரி எக்ஸ்பிரஸ்தான். டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை. ராத்திரி முழுக்கக் கதவோரம் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவை அது அடித்தபோதும் எடுக்கப் பயம்.

காலையில் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அப்பா கண் திறந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம்டா ஆச்சு?"

"பதினாலு மணி நேரம்ப்பா."

சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். ஊரைவிட்டு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிலோமீட்டரை விடுங்கள். ராத்திரியில் போன் வந்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.