மீண்டும் மீண்டும் ஒரு தேசம்: நைபோலின் இந்தியப் பயண நூல்கள் மூன்று

பயண இலக்கியம் பெரும்பாலும் முதற் காட்சியின் இலக்கியமாகவே இருந்து வந்துள்ளது. புதிய நாடொன்றில் இறங்கியவனுக்கு உண்டாகும் வியப்பும் வெறுப்பும் எழுத்துக்கு உந்துதலாகின்றன. ஊர் திரும்பி நூலை எழுதி முடித்ததும் அந்நாட்டுடனான அவனுடைய தொடர்பு அநேகமாக அற்றுவிடுகின்றது. எழுதப்பட்ட மக்களோ தாம் எழுதப்பட்டமையைக்கூட அறியாது வாழ்ந்து மறைகின்றனர். பார்த்தவன் பேசுகின்றான், பார்க்கப்பட்டவர்க்கு மறுமொழி கூறும் வாய்ப்பில்லை. இச்சமனின்மை பயண நூலின் பிறவிக் குறை எனலாம். ஆயின், பல ஆண்டுகள் இடையிட்டு அதே நாட்டுக்கு மீண்டும் செல்லும் எழுத்தாளன், தான் முன்னர் எழுதியவற்றுக்கும் முகங்கொடுக்க வேண்டியவனாகின்றான். மீளச் செல்லுதல் இக்குறையைப் போக்குமா என்ற வினாவுக்கு விடை காண, வி. எஸ். நைபோல் இந்தியாவைப் பற்றி எழுதிய மூன்று நூல்களும் பெரிதும் உதவுவன.

நைபோல் 1932ஆம் ஆண்டு திரினிடாட் தீவிலே பிறந்தவர். அவருடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கு கொண்டு செல்லப்பட்ட காலத்திலே கடல் கடந்தவர்கள். 1950இல் புலமைப் பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்ற அவர், பின்னர் இங்கிலாந்திலேயே தங்கி எழுத்தாளரானார். ஆகவே இந்தியா அவருக்கு அந்நிய நாடு. எனினும், வீட்டுச் சடங்குகளிலும் பாட்டனார் கதைகளிலும் கேட்டறிந்த நாடு. இவ்விரண்டக நிலையே அவரது முதற் பயணத்தின் பதற்றத்துக்கு வித்திட்டது.

1962இல் கப்பல் மூலம் பம்பாயை அடைந்தபோது, மதுவிலக்கு நிலவிய அந்நகரில் அவர் கொண்டுவந்த மதுப் போத்தல்களைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றினர். அவற்றை மீட்பதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டி அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவம் நூலின் தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றது. காஷ்மீரத்து ஏரிக்கரை விடுதியொன்றில் சில மாதங்கள் தங்கி எழுதியமை நூலின் இதமான பகுதியாகும். பாட்டனார் பிறந்த கிராமத்துக்குச் சென்றமையோ அதன் கசப்பான பகுதி. உறவினர் ஒருவர் காணி வழக்குக்கு உதவி கேட்டு விடாது தொடர, பொறுமையிழந்த நைபோல் அங்கிருந்து புறப்படுகின்றார். சீப் வண்டியில் இடம் கேட்ட இளைஞன் ஒருவனை ஏற்றிச் செல்லவும் மறுத்துவிடுகின்றார். தம் செயலின் கொடுமையை அவரே மறைக்காது எழுதியுள்ளார். 1964இல் வெளிவந்த இந்நூலின் தலைப்பு ‘இருட் பிரதேசம்’ எனப் பொருள்படும். அவ்விருளில் எவ்வளவு நாட்டினுடையது, எவ்வளவு காண்பவனுடையது என்பதை வாசகர் பிரித்தறிதல் எளிதன்று.

இரண்டாவது நூல், 1975 முதல் 1977 வரை நடைமுறையிலிருந்த அவசரகால நிலையின் பின்னணியிலே தோன்றி 1977இல் வெளியாயிற்று. ‘காயமுற்ற நாகரிகம்’ என்பது அது இந்தியாவுக்கு இட்ட பெயர். விஜயநகர இடிபாடுகளைத் தொடக்கமாகக் கொண்டு, ஆர். கே. நாராயணின் நாவல்களையும் காந்தியடிகளின் சுயசரிதையையும் சான்றுகளாக நிறுத்தி, இந்திய மனத்தின் நோய் இதுவென நைபோல் தீர்ப்பளிக்கின்றார். மனிதர்கள் இந்நூலிலும் வருகின்றனர். ஆயினும், ஆசிரியரின் முடிவுக்கு அரண் செய்பவர்களாகவே பெரும்பாலும் வருகின்றனர். முதல் நூலிலே தம் நடுக்கத்தை ஒளிக்காத பயணி, இங்கு மருத்துவனின் இருக்கையில் அமர்ந்துவிடுகின்றார். மீளச் சென்றால் புரிந்துணர்வு தானாக வளருமென்ற எண்ணத்தை இந்நூலொன்றே பொய்ப்பிக்கப் போதுமானது.

1990இல் வெளிவந்த மூன்றாவது நூல் பெரிதும் வேறுபட்டது. பம்பாயில் வந்திறங்கிய நைபோல், வீதியோரம் நீண்ட வரிசையில் நிற்கும் எளிய மக்களைக் காண்கின்றார். அம்பேத்கரின் பிறந்த நாளில் அவருக்கு அஞ்சலி செலுத்த நின்ற தலித் மக்கள் அவர்கள். 1962இல் அவர் காணாத, அல்லது காண இயலாதிருந்த இந்தியா அவ்வரிசையிலே நின்றது. அடுத்து வரும் பக்கங்களில் சிவசேனைத் தொண்டர்கள், தலித் கவிஞர், முன்னாள் நக்சலைட்டுகள், லக்னோ முஸ்லிம்கள், பஞ்சாபின் சீக்கியர்கள் முதலானோர் தத்தம் வாழ்க்கையைத் தாமே எடுத்துரைக்கின்றனர். நைபோல் வினாக்களைக் கேட்டு, விடைகளைப் பொறுமையுடன் குறித்துக்கொள்கின்றார். சென்னை பற்றிய அத்தியாயம் தமிழ் வாசகர்க்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. வைதிக ஆசாரத்தைப் பேணும் பிராமணர் ஒருவரின் வரலாறும், பெரியாரைப் போற்றும் பகுத்தறிவாளர் ஒருவரின் வரலாறும் அங்கு அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஒன்றைக் கொண்டு மற்றதை அவர் அடித்து வீழ்த்தவில்லை. காஷ்மீரத்து விடுதிக்கும் அவர் திரும்பிச் செல்கின்றார். முதல் நூலிலே நகைப்புக்கும் அன்புக்கும் உரிய பாத்திரமாக வந்த பணியாளர், இப்பொழுது முதுமையும் குடும்பமும் உடைய மனிதராக எதிரே நிற்கின்றார்.

மாறியது நாடா, பயணியா? இரண்டுமே மாறின என்பதே உண்மை. சுதந்திரம் சமூகத்தின் அடித்தட்டு வரை இறங்கியதால் எழுந்த கிளர்ச்சிகளையே அம்மூன்றாவது நூல் ‘பல இலட்சம் கலகங்கள்’ எனத் தலைப்பிட்டுப் பேசுகின்றது. ஆனால் 1975இலும் அம்மக்கள் அங்கேதான் இருந்தனர். அவர்களது உணர்வும் கனன்று கொண்டுதான் இருந்தது. முன்பு கேளாத குரல்கள் பின்பு கேட்டமைக்குக் காரணம், பயணி தன் தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கேட்கத் துணிந்தமையே. ஆண்டுகள் அவருக்குச் சந்தர்ப்பத்தை அளித்தன; காதை அளித்தவர் அவரேயாவர்.

இப்பேறும் நிலையானதென்று கொள்வதற்கில்லை. 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதன் பின்னர், அதற்கு அனுதாபம் காட்டும் வகையில் அவர் தெரிவித்த கருத்துக்கள் கடுங் கண்டனத்துக்கு உள்ளாயின. 2001இல் நொபெல் பரிசு பெற்று, 2018இல் மறைந்த அவ்வெழுத்தாளரின் இந்தியப் பார்வை இறுதிவரை விவாதத்துக்குரியதாகவே இருந்தது. பொறுமையாகக் கேட்ட காதும் மீண்டும் அடைபட்டுப்போகலாம் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

எனவே இம்மூன்றனுள் இறுதியானதே உண்மையான நூலெனக் கொண்டு முன்னைய இரண்டையும் ஒதுக்குதல் தகாது. முதல் நூலின் சினமும் இரண்டாவதன் இறுமாப்பும் கண்முன் இருப்பதனாலேயே மூன்றாவதன் அமைதி எத்தனை அரிதாக ஈட்டப்பட்டது என்பது விளங்குகின்றது. தான் எழுதிய மனிதனின் வாயிலிலே மீண்டும் சென்று நிற்கவும், அவன் கூறுவதை முழுதுங் கேட்டு எழுதவும் ஒரு பயணி ஒருப்படுவானாயின், அவனது நூலிலே பார்க்கப்பட்டவரும் பேசத் தொடங்குவர்.