அம்மாவுக்கு மட்டும் தெரிந்தவை

"எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் "நான் இருக்கிறேன்" என்று சொல்லிவந்தவன் நான். தாய்மாமன் வேறென்ன சொல்வான்? அக்காவுக்கு இப்போது வயது 73, எனக்கு 70. எழுபது வயதுக்காரனின் அந்த வாக்கை நம்பி எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

மருமகனுக்கு 34 வயது. மதியிறுக்கம் உள்ளவன். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் ஒரு நாலறை வீட்டில் தாயோடு இருக்கிறான். பொருள்களைப் பொட்டலம் கட்டும் வேலைக்குத் தினமும் தனியாகப் போய் வருகிறான்.

அவன் ரயிலேறப் பழகியதில் பாதிப் புண்ணியம் பாசிர் ரிஸ் ரயில் நிலையத்துக்குத்தான். 1989-இல் திறந்த இந்த நிலையத்தோடு கிழக்கு-மேற்குப் பாதை முடிந்துவிடுகிறது. எந்தப் பக்கம் நிற்கும் ரயிலில் ஏறினாலும் போகும் திசை ஒன்றுதான். பெட்டி காலியாக இருக்கும், பிடித்த மூலை இருக்கை கிடைக்கும். திரும்பும்போது எல்லாரும் இறங்குவார்கள், அவனும் இறங்குவான். 2024 டிசம்பர் 7 முதல் 10 வரை பாதைப் பணிக்காகத் தானா மேராவுக்கும் தெம்பனிசுக்கும் இடையே ரயில் ஓடவில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டதால், மாற்றுப் பேருந்து நிற்கும் இடத்தை அக்கா அழைத்துப்போய்க் காட்டிவைத்தாள். சிரமமில்லாமல் சமாளித்தான். சொல்லிவிட்டு வரும் மாற்றம் அவனை அசைப்பதில்லை. சொல்லாமல் வருவதுதான் ஆட்டிவிடும்.

அம்மாவின் சாவும் சொல்லாமல்தான் வரும். எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் "வாயைக் கழுவு" என்பார்கள். லோயாங் துவா பெக் கோங் கோயிலுக்குப் போய், சீன தெய்வங்களுக்கு அருகே இருக்கும் பிள்ளையாரிடம் முறையிட்டுவிட்டு வருவார்கள். முறையிடட்டும். ஆவணங்களும் தயாராக இருக்கட்டும் என்கிறேன்.

சிங்கப்பூரில் மதியிறுக்கமுள்ள பிள்ளைகளுக்கு ஈடன், பாத்லைட் போன்ற பள்ளிகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்குப் பதினெட்டு வயதோடு அந்தக் கூரை முடிந்துவிடுகிறது. அதன்பிறகு ஒவ்வோர் உதவியையும் ஒவ்வோர் இடத்தில் தேட வேண்டும். வேலை, பயிற்சி என்றால் லெங்கோக் பாருவில் 2015-இல் திறந்த எனேபிளிங் வில்லேஜ். கிழக்கே இருப்பவர்களுக்கு 2023-இல் தெம்பனிசில் ஒரு சேவை நிலையம் வந்தது. வகுப்புகள் உண்டு, பெற்றோர் சில மணி நேரம் மூச்சுவிட்டுக்கொள்ளப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டும் வரலாம். முழு நேரத் துணை வேண்டியவர்களுக்குச் செங்காங்கில் தங்கும் இல்லம் இருக்கிறது. மாட்டிக்கொள்பவர்கள் என் மருமகனைப் போல நடுவில் இருப்பவர்கள். அவனுக்குக் கொஞ்சம் துணை போதும். ஆனால் அந்தக் கொஞ்சம் தினமும் வேண்டும்.

சட்டமும் ஒரு வகையில் இவனைப் போன்றவர்கள் பக்கம்தான். 2010-இல் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே தொடங்குகிறது. அசட்டுத்தனமான முடிவு எடுத்தார் என்பதற்காக மட்டும் திறனில்லாதவர் என்று முத்திரை குத்த முடியாது. எனக்குப் பிடித்த விதி இது. நம் உறவினர்களில் பலர் இதன்படி தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் திறன் உண்மையிலேயே குறைவாக உள்ள பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால், பெற்றோர் என்ற உரிமையில் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. நீதிமன்றம் அவர்களைப் பதிலாளராக நியமிக்க வேண்டும். தங்களுக்குப் பின் அந்த இடத்துக்கு யார் வருவது என்பதையும் பெற்றோர் அப்போதே கேட்டுப் பெறலாம். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கிறது. ஊரில் இருக்கும் சொந்தங்கள் விசாரித்து வையுங்கள்.

பணத்துக்கும் வழி உண்டு. சிறப்புத் தேவையுடையோருக்கான அறக்கட்டளை நிறுவனம் 2008-இல் தொடங்கியது. குறைந்தது 5,000 வெள்ளி இருந்தால் கணக்கு தொடங்கலாம், முதலுக்கு அரசின் உத்தரவாதம் இருக்கிறது. மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். சிறப்புத் தேவையுடையோர் சேமிப்புத் திட்டத்தின்கீழ் நியமித்தால், பிள்ளை கையில் மொத்தமாகக் கொட்டாமல் மாதாமாதம் போய்ச் சேரும்.

அக்கா அந்த அறக்கட்டளை நிறுவனத்தில் கணக்கு தொடங்கக் கையெழுத்துப் போடும் முன் ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். பிள்ளையைப் பற்றி, அவனைத் தெரியாத ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதில் இருக்க வேண்டுமாம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சோற்றின்மேல் குழம்பு ஊற்றக் கூடாது, தனிக் கிண்ணம் வேண்டும். தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், புதன் காலை போகலாம். தொலைபேசி அடித்தால் எடுக்க மாட்டான், குறுஞ்செய்திக்கு உடனே பதில் வரும். வலித்தால் சொல்ல மாட்டான். வழக்கமாக முணுமுணுக்கும் பாட்டு நின்றுபோனால் பல்லையோ காதையோ பார்க்க வேண்டும். "சரியா?" என்று கேட்டால் எதற்கும் "சரி" என்பான். ஆகவே "இதுவா, அதுவா?" என்றுதான் கேட்க வேண்டும். பணம் பிடுங்க வருபவனுக்கும் அதே "சரி"தான் கிடைக்கும் என்பதால் இதைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அவனைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கும் எனக்கே இவற்றில் பாதி புதிது. இத்தனையும் ஒரே ஒருத்தியின் தலைக்குள் 34 ஆண்டு இருந்திருக்கிறது. பிள்ளையை அன்பாகப் பார்த்துக்கொள்வது வேறு. அவனைப் பிறருக்குத் தெரிந்தவனாக்குவது வேறு. நம் குடும்பங்கள் முதலாவதில் கெட்டி. இரண்டாவதை வெட்கத்தாலோ பயத்தாலோ தள்ளிப்போடுகிறோம்.

பிறருக்குத் தெரிந்தவராகவே வாழ்ந்து முடித்த ஒருவர் உண்டு. 1943-இல் மருத்துவர் லியோ கேனர் மதியிறுக்கத்தை விவரித்து எழுதிய கட்டுரையில் பதினொரு குழந்தைகள் உண்டு. முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், தனியாக வெளிநாடுகள் சுற்றினார், பெற்றோர் போனபின்னும் அதே ஊரில் வாழ்ந்து 2023-இல் 89 வயதில் காலமானார். அந்த வங்கியில் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. அந்த வசதி எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் ஊர் முழுக்க அவரை அறிந்திருந்தது, அவருடைய விசித்திரங்களோடு சேர்த்து. நமக்கு வங்கி இல்லாவிட்டாலும் குடியிருக்கும் புளோக் இருக்கிறது. இப்போது பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்கும், கீழ்த்தளக் கோப்பிக்கடைக்காரருக்கும், அவன் வேலையிட மேற்பார்வையாளருக்கும் ஆளுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவைத்திருக்கிறோம். எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவனுக்கும் மானம் உண்டு.

கடிதத்தை முடித்ததும் அவனிடம் வாசிக்கக் கொடுத்தேன். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. அவன் பேனா எடுத்து, "தயிர் பிடிக்கும்" என்ற வரியை அடித்தான். "அம்மா வைப்பதால் சாப்பிடுகிறேன்" என்று பக்கத்தில் எழுதினான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: "மாமா வீட்டுக்கு வர மாட்டேன். பாசிர் ரிஸ்ஸில் இருப்பேன்."

நான் இருப்பது தீவின் மறுபக்கம், ஜூரோங்கில். என் வாக்குக்கு இனி வேலையில்லை. அடுத்த ஆண்டு அவனுக்கு 35. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தனியாளுக்கு வீடு வாங்க அனுமதிக்கும் வயது. அக்காவின் வீட்டை அவன் பெயரில் தொடர்வதா, அருகிலேயே சிறிய வீடு பார்ப்பதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.