வளவுக்கு ஒரு பழமரம்

திருகோணமலைக்கு வருவோர் முதலிற் கோணேசர் கோயிலைத் தரிசிப்பர். பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, புள்ளிமான்கள் மேயும் நிழற்பாதையில் ஏறிச் சென்றால், மலையடியில் நீலக்கடல் விரியும். மறுபுறம், உலகப் புகழ் பெற்ற இயற்கைத் துறைமுகம். இக்கடலழகைக் கண்டு மகிழ்வோர் பலர். இப்பகுதிக் காடுகளின் சுவையை அறிந்து செல்வோர் சிலரே.

சென்ற ஆனி மாதத்து ஞாயிறொன்றிற் குடும்பத்துடன் கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்றோம். கச்சான் காற்று அனலாய் வீசிற்று. ஏழு கிணறுகளின் நீரையும் மொண்டு குளித்துத் திரும்புகையில், வீதியோரத்தில் ஒரு மூதாட்டி பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு சுண்டு வாங்கினோம். மஞ்சள் நிறமான சிறுபழம், தேன்போல் இனிக்கும். ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அச்சுவை என் நெஞ்சைப் பின்னோக்கி இழுத்தது. உப்புவெளியில் எங்கள் வளவில் முதிய பாலை மரமொன்று நின்றது. 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. மீண்டு வந்தபோது அடிக்கட்டை மாத்திரமே எஞ்சியிருந்தது. அவ்விடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. வரும் மாரியில் அங்கொரு மரம் நடுவதென முடிவு செய்தோம். எம்மரம் என்பதிலேதான் வழக்கு எழுந்தது.

நுவரெலியாக் குளிரிற் பழுக்கும் ஸ்ட்ரோபெரி நம் மணலில் வாழாது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையைப் பருகி, பின்வரும் நெடுங்கோடையைத் தாங்க வல்லதே நமக்கேற்ற மரம்.

மகள் இலந்தையை விரும்பினாள். அது வரட்சியைத் தாங்கும். சில ஆண்டுகளிலேயே காய்க்கும். ஆயின், பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் முள் உதிருமே! மனைவி நாவலைச் சொன்னாள். ஔவைக்கு முருகன் 'சுட்ட பழம்' அளித்த மரமன்றோ! நிழலும் பெரிது. எனினும் நாவல் நீர்ப்பாங்கான நிலத்தை நாடுவது. பழம் உதிருங் காலத்திற் கொடியில் உலரும் வெள்ளைத்துணியும் ஊதாவாகும். மகன் கேட்டது கிளா. வெண்ணிற மலர் மணக்கும். கறுத்த கனி இனிக்கும். ஆனால் அது முட்புதர், வேலிக்கே பொருந்தும்.

நான் பாலையென்றேன். வில்பத்துவிலும் யாலவிலும் கரடிகள் மரமேறி உண்பது இப்பழத்தையே. இதன் வைரமேறிய கட்டை, புகையிரதப் பாதைக்குக் குறுக்குக் கட்டையாகவும் பயன்பட்டது. குறை ஒன்றே: மிக மெதுவாக வளரும்.

"அது காய்க்கும்போது மாமி இருந்து தின்ன வேண்டாமா?" என்றாள் மனைவி. எனக்கு விடை வரவில்லை. அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. அவருக்காகவேனும் விரைந்து காய்ப்பதை நடுவதே முறையென எண்ணினேன்.

அம்மா மடியிலிருந்த விதைகளை ஒவ்வொன்றாய்த் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீ சின்னனில் ஏறி விளையாடின பாலையை நட்டது ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டார். "அப்பாவா?" என்றேன். "இல்லை, உன்ரை அப்பு வளவு வாங்கும்போதே அது நிண்டது. எந்தப் பறவை போட்ட கொட்டையோ! அந்தப் பறவை இருந்தோ தின்டது?"

வழக்கு அத்துடன் முடிந்தது. நடுவிற் பாலை, அது வளரும்வரை பறவைகள் பட்டினி கிடவாதிருக்க வேலியிற் கிளா. நாவலும் இலந்தையும் அயல் வளவுகளில் உள. அவற்றைக் கேட்டுப் பெறுதல் எளிது.

இதை எழுதும்போது, கிணற்றடியில் உள்ள தகரப் பேணியில் மூன்று பாலைக் கன்றுகள் முளைத்து நிற்கின்றன. காலையும் மாலையும் நீர் வார்ப்பவர் அம்மா. வேறெவரையும் அவர் தொடவிடுவதில்லை.