முன்னும் மௌனம், பின்னும் மௌனம்

படத்தொகுப்பு, ஒலி, பின்னணி இசை, கலை வடிவமைப்பு, ஒப்பனை, மூன்று குறும்படப் பிரிவுகள். 2022 ஆஸ்கர் விழாவில் இந்த 8 விருதுகளையும் நேரலை தொடங்குமுன்பே அரங்கில் கொடுத்து முடித்தார்கள். பிறகு அந்தக் காட்சிகளைச் சுருக்கி ஒளிபரப்பின் நடுவே செருகினார்கள். விழா நீள்கிறது என்பது காரணம். அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. என் வாழ்வின் ஒரு காலைப்பொழுது அதற்குள் இருந்தது.

2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை. ஆபீஸுக்குக் கிளம்பிய அப்பா, கையில் சாப்பாட்டுப் பையோடு டிவி முன்னால் நின்றுவிட்டார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக மூன்று பேரை ஆஸ்கர் மேடைக்கு அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் கொல்லம் மாவட்டத்துக்காரரான ரசூல் பூக்குட்டி. தன் நாடு உலகத்துக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது, அந்தச் சொல்லுக்கு முன்னும் மௌனம், பின்னும் மௌனம் என்று 'ஓம்' பற்றி அவர் சொன்னார். அப்பா என்னிடம், "ஒலிக்கலவைன்னா என்னடா வேலை?" என்று கேட்டார். பேச்சு, இசை, தெருச் சத்தம் எல்லாவற்றையும் ஒன்றை ஒன்று அமுக்காதபடி அளந்து சேர்ப்பது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், அதுவரை எத்தனையோ படம் பார்த்தவர், அப்படி ஒரு வேலை இருப்பதை அன்றுதான் அறிந்தார்.

அதன்பின் அதே படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மானை இரண்டு முறை மேடைக்கு அழைத்தார்கள், ஒன்று பின்னணி இசைக்கு, மற்றொன்று பாட்டுக்கு. "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று அந்த மேடையில் தமிழ் ஒலித்தபோது அப்பா பையைக் கீழே வைத்தார். டிவியை அணைத்த பிறகு வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

2022-ன் கணக்குப்படி பார்த்தால் அந்த மூன்று விருதுகளில் பாட்டு மட்டுமே நேரலையில் மிஞ்சியிருக்கும். நல்லவேளையாக, அடுத்த ஆண்டே எல்லாப் பிரிவுகளையும் நேரலைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

விழாக்கள் எப்போதும் இப்படி நீண்டதில்லை. 1929-ல் நடந்த முதல் ஆஸ்கர் விழா சுமார் 15 நிமிடத்தில் முடிந்துவிட்டது. வென்றவர்களின் பெயர்களை மூன்று மாதம் முன்பே அறிவித்திருந்தார்கள். பம்பாயில் 1954-ல் தொடங்கிய ஃபிலிம்ஃபேர் விருது முதல் ஆண்டில் 5 பிரிவுகளில்தான். இன்று நம் ஊரில் விருது கொடுக்காத சேனலைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரே இரவில் எடுத்த விழாவைப் பிரித்து அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிறார்கள். வரும் நட்சத்திரங்களுக்கு ஏற்பப் பிரிவுகள் பெருகுகின்றன. நடனத்துக்கும் கேலிப்பேச்சுக்கும் நேரம் இருக்கிறது. எடிட்டரும் ஒலிப்பதிவாளரும் விருது வாங்கும் காட்சி சில விநாடிகளில் ஓடி மறைகிறது.

விருது விழாக்கள் மிதமிஞ்சிப் போய்விட்டன என்றே நினைக்கிறேன். செலவையும் நேரத்தையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு இழப்பு. ஒரு விருதுக்கு முன்னால் காத்திருப்பு வேண்டும், பின்னால் அதை நினைத்துப் பார்க்க இடம் வேண்டும். ஒரு விழாவின் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த விழாவின் முன்னோட்டம் வந்துவிட்டால், யார் எதற்காக வாங்கினார் என்பது மனதில் எங்கே தங்கும்?

கலவை மேசையில் உட்காருபவர்களுக்கு இது தெரியும். ஒரு மெல்லிய குரல் கேட்க வேண்டுமென்றால் மற்ற சத்தங்களைக் குறைத்தாக வேண்டும். அன்று அப்பா தாமதமாகத்தான் ஆபீஸ் போனார். அதன்பிறகு எந்தப் படம் பார்த்தாலும், பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒலி யார் என்று தேடுவார்.