வால் நுனியில் கறுப்பு

தை 3, காணும் பொங்கல்

சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கம் சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி போன்ற ஊர்களில் காணும் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்துவந்து, மாரியம்மன் கோயிலருகே ஓடவிட்டு, மறுபடி காட்டில் கொண்டுபோய் விடுவது பழைய வழக்கம். நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி இது குற்றம். வனத்துறை தடுக்கிறது, அபராதமும் போடுகிறது. சரிதான். வாயைக் கட்டி இழுத்துவரப்படும் பிராணிக்கு அந்த நாளில் என்ன நல்லது நடந்துவிடப்போகிறது? ஆனாலும் குழந்தைகள் கதைக்குப் படம் போடுகிறவர்கள் இந்த வழக்கத்தில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கதையில் நரி ஏமாற்றுக்காரன்; அந்தக் கதையைச் சொல்லும் அதே மக்களுக்கு அதன் முகம் மங்கலம். நம் புத்தகப் படங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஓரக்கண், கோணல் சிரிப்பு, கடைவாயில் எச்சில். இப்படி வரைந்தால் முதல் பக்கத்திலேயே குட்டு உடைந்துவிடுகிறது. பாடச் சொல்லும் நரி நிஜமான ரசிகனாகத் தெரிந்தால்தானே காக்கை வாயைத் திறக்கும்?

தை 5

அந்த நரி எந்த ஊர் நரி என்பது அடுத்த கேள்வி. செம்பட்டை உடம்பு, புசுபுசு வால், வால் நுனியில் வெள்ளை என்றால் அது ஐரோப்பியச் செந்நரி. ஈசாப் கதைப் படங்களோடு வந்து இங்கேயே தங்கிவிட்டது. வங்காநரி சாம்பல் நிறம், மெல்லிய கால், வால் நுனி கறுப்பு. எடை இரண்டு மூன்று கிலோ. நன்றாக வளர்ந்த நாட்டுச் சேவலின் கனம். வெட்டவெளியில் வளை தோண்டிக் குடியிருந்து கரையானும் வெட்டுக்கிளியும் எலியும் தின்று, பழம் கிடைத்தால் அதையும் விடாது. பஞ்சதந்திரத்து நரிகளான கரடகனும் தமனகனும் இதைவிடப் பெரிய இனம்; ஆனாலும் பத்துக் கிலோவை ஒட்டித்தான் நிற்கும். நூற்றைம்பது கிலோ சிங்கத்தின் முன்னால் இவற்றுக்குத் தந்திரம் என்பது கெட்ட குணமல்ல, பிழைப்பு. நரியைச் சிங்கத்தின் பாதி உயரத்துக்கு வரைந்துவிட்டால் இந்த நியாயம் படத்தில் இல்லாமல் போய்விடுகிறது.

தை 8

கதையில் வரும் மிருகமெல்லாம் மனிதனின் முகமூடிதானே, வால் நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதற்குப் பதில் ஏழாம் நூற்றாண்டிலேயே மாமல்லபுரத்துப் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் அந்தச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். மகாபாரதத்திலேயே வரும் போலித் தவசிப் பூனையின் கதை அது. சிற்பி அதற்குக் காவி கட்டவில்லை, நமட்டுச் சிரிப்பும் வைக்கவில்லை. மேலே உண்மையாகவே தவமிருக்கும் மனிதனின் நிலையை அப்படியே பூனை உடம்புக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். உடம்பு பூனையுடையதாகவே இருப்பதால்தான் வேடம் வேடமாகத் தெரிகிறது. அச்சு அசலாக வரைய வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. சென்னை தாரா புக்ஸ் 1995இல் வெளியிட்ட, கீதா வுல்ஃப் எழுதிய பசித்த சிங்கத்தின் கதைக்கு இந்திரபிரமித் ராய் வார்லி பாணியில் படம் போட்டார். வார்லியில் உடம்பு வெறும் கோடும் முக்கோணமும்தான். முகபாவத்துக்கு இடமே இல்லை. ஏமாற்றுவதும் ஏமாறுவதும் நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிட வேண்டும்.

சேலத்துப் பிள்ளைகளே வங்காநரியைப் பார்த்ததில்லை, பார்க்காததை வரைந்து என்ன பயன் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். செந்நரியை மட்டும் எந்தப் பிள்ளை நேரில் பார்த்தது? இரண்டுமே படத்தில்தான் அறிமுகமாகின்றன என்றால், ஊர் எல்லையில் இன்னும் வளை தோண்டிக்கொண்டிருப்பதை அறிமுகப்படுத்தலாமே. கோயிலுக்கு இழுத்துவராமலே அதன் முகத்தில் விழிக்க அது ஒரு வழி. சாம்பல் நிறம் அட்டையில் எடுபடாது என்பது விற்பனைக்காரர்கள் சொல்லும் கடைசிக் காரணம். சேலம், நாமக்கல் பக்கம் செம்மண்ணுக்கா பஞ்சம்? அட்டை முழுக்க அதைப் பூசி, நடுவில் நரியை நிறுத்தட்டும்.